ஒன்பதுக்கு மேலே உட்கார்ந்த பத்து

கோபத்துக்கு ஒரு குறைவும் இல்லாத என் அருமை மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் திடமாக இருக்கிறாய் என்பதை, உன் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கும் இடங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் என்பதால், நான் சொல்லச் சொல்ல என் மருமகள் டைப் அடிக்கிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அவளுடையது. விஷயம் சரியாக இருந்தால் என்னுடையது.

இல்லை மச்சான், உன் மகள் பேரை நான் அழிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். பேர் பட்டியலில் அங்கேயேதான் இருக்கிறது, அஞ்சாவது இடத்தில். போன வாரம் வரை முதல் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதுக்காக, இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு எழுதறதா? முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமையானா வந்து என் சாய்வு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டவன் நீ. நீ வராம நான் யாரைக் கிண்டல் பண்றது? உன் அக்கா வேற ரெண்டு நாளா எங்கிட்ட பேசறதில்ல. சாப்பாட்டுல உப்பை அள்ளிப் போட்டு அவ கட்சி எதுன்னு காட்டறா.

நடந்ததைச் சொல்றேன், கேளு. ஒரு வீடியோ கேமை யார் சீக்கிரமா ஆடி முடிக்கறாங்கன்னு வரிசைப்படுத்தி வைக்கிற வெப்சைட்டு இது. ஆடினவங்க அதை வீடியோவா அனுப்புவாங்க, என் மருமகள் ஓட்டிப் பாத்து, நேரம் சரின்னா பட்டியல்ல ஏத்துவா. ஆபீஸ் போய்ட்டு வந்து, இஸ்திரி போடற மேஜையில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு, ஏழு மாசத்துல தனி ஆளா கட்டியிருக்கா. ஏழு மாசமா என் சட்டை கசங்கியே கிடக்கு, அது வேற விஷயம். அதுலயும் பாரு, செஞ்சதை மூடி வைக்கல. உள்ள எப்படி ஓடுதுங்கறதை எழுத்து எழுத்தா தொறந்து வெச்சிருக்கா. யார் வேணா வந்து பாக்கலாம், தப்பு இருந்தா சொல்லலாம், திருத்தியும் குடுக்கலாம், பிடிச்சா எடுத்துட்டுப் போய் சொந்தமா ஒண்ணு நடத்தலாம். நீ உன் ஹார்டுவேர் கடையில ஆணி டப்பாவுக்கே பூட்டு போட்டவன், உனக்கு இது புரியாது. எனக்கும் புரியல. கடையையும் தொறந்து வெச்சு, கல்லாச் சாவியையும் வாசல்ல மாட்டினா எப்படிம்மான்னு கேட்டேன். "நாலு பேர் பாத்தாதான் மாமா தப்பு தெரியும்"னா.

போன வாரம் வியாழக்கிழமை தாழ்ப்பாள் வாங்க உன் கடைக்கு வந்தேனா, உன் தலைக்கு மேல அந்தப் பட்டியலைப் படம் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழ 'உலகத்திலேயே முதல்'னு எழுதி மாட்டியிருக்கே. பெயிண்ட் கேட்டு வர்றவங்களுக்குக் கூட டப்பாவை இறக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் காட்டறே. நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன். இங்கிலீஷ் தெரியாது, ஆனா நம்பரைக் கண்ணு விடாது. உன் மகளுக்கு நேரா பத்து நிமிஷம் நாலு செகண்டு. பட்டியல்ல அடியில கிடக்கற ஆளுக்கு ஒன்பது நிமிஷம் நாப்பத்தொண்ணு. கண்ணாடியைத் துடைச்சுட்டு நீயே பாரேன். ஒன்பது மணி பஸ்ஸு பத்து மணி பஸ்ஸுக்குப் பின்னாடி எப்படிய்யா வரும்? நீ தாழ்ப்பாளைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறே, நான் வாங்காமலே ஓடி வந்துட்டேன். பாத்ரூம் கதவு இன்னும் ஆடிக்கிட்டுதான் இருக்கு.

வீட்டுக்குள்ள கத்திக்கிட்டே வந்தேன். என்னைப் பாத்ததும் மருமகள் லேப்டாப்பைப் பட்டுனு மூடினா பாரு, நான் சொல்ற விஷயத்துக்கு அவ்வளவு மரியாதை. விஷயம் என்னன்னா, அந்த வெப்சைட்டு நேரத்தை நேரமா பாக்கல, எழுத்தா பாத்திருக்கு. பத்துக்கு முதல் எழுத்து ஒண்ணு, இன்னொண்ணுக்கு ஒன்பது, ஒண்ணு சின்னதுன்னு பத்தை மேல தூக்கி வெச்சிருச்சு. அதுவரைக்கும் எல்லாரும் பத்து, பதினொண்ணுன்னு ஆடினதால வரிசை ஒழுங்கா இருந்திருக்கு. ஒன்பதுல முடிக்கறவங்க நாலு பேர் வந்து சேர்ந்ததும் குட்டு உடைஞ்சுது.

"மாத்திட்டா சின்ன மாமா முகத்துல எப்படி மாமா முழிக்கறது?"ன்னு கேட்டா. முழிக்கறதை நான் பாத்துக்கறேன், நீ மாத்துன்னேன். சத்தம் போடாம மாத்தியிருக்கலாம். செய்யலையே. தப்பு என்னோடது, இன்னிக்குத் திருத்தினேன்னு தேதி போட்டு எல்லாரும் பாக்கற இடத்துல எழுதி வெச்சா. முப்பத்தொரு வருஷத்துல ஒரு டிரைவர் வந்து, லேட்டு என்னாலதான்னு சொல்லி நான் கேட்டதில்ல மச்சான். இவளைப் பத்தி இவளையே டைப் அடிக்க வெச்சா வெக்கப்படறா, படட்டும். கண்டுபிடிச்சதுக்கு என் பேரையும் அங்க போட்டிருக்கா. எனக்குப் படிக்க வரல, ஆனா பாக்க நல்லா இருக்கு.

ஆகவே மச்சான், கோபத்தைக் கடையில வெச்சுப் பூட்டிட்டு ஞாயித்துக்கிழமை வந்து சேரு. அந்தத் தாழ்ப்பாளையும் எடுத்துட்டு வா. உன் மகள் நூறு வருஷம் நல்லா இருக்கணும். புள்ள மனசு ஒடிஞ்சு போயிருக்கும், பக்குவமா சொல்லு.

இப்படிக்கு,
உன் அக்காவிடம் மாட்டிக்கொண்ட அத்தான்

பின்குறிப்பு: சின்ன மாமா, இது அவர் சொல்லி அடிக்கறது இல்ல, நானா அடிக்கறது. அவர் ஏதோ ஒரு பஸ் பஞ்சரான கதைக்குப் போயிட்டார். என் விரல் அசையறதைப் பாத்து, அதைத்தான் அடிக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.

தப்பை முதல்ல கண்டுபிடிச்சது மாமா இல்ல. உங்க மகதான். நீங்க சட்டம் மாட்டின திங்கட்கிழமை சாயங்காலமே வெப்சைட்டுல எழுதிப் போட்டுட்டா. 'நான் முதல் இடம் இல்லை. எனக்குக் கீழே நாலு பேர் தப்பா நிக்கறாங்க. புரோகிராம்ல திருத்தவேண்டிய வரியை இதோட வெச்சிருக்கேன்.' இவ்வளவுதான். ஆபீஸ் வேலையில நான் அதைப் பாக்கவே மூணு நாள் ஆயிடுச்சு. வியாழக்கிழமை அதைப் படிச்சுக்கிட்டிருக்கும்போதுதான் மாமா உள்ள வந்தார். அவர் முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பாத்து லேப்டாப்பை மூடிட்டேன். தப்பைத் திருத்தினேன்னு எழுதி வெச்ச பக்கத்துல அவ பேருதான் முதல்ல இருக்கு, மாமா பேரு அடுத்தது. நீங்க படிச்சுக் காட்டிடாதீங்க.

உங்ககிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரலையாம். சட்டத்தைக் கழட்ட வேண்டாம் சின்ன மாமா. உள்ள இருக்கற படத்தை மட்டும் எடுத்துட்டு, இதோட வர்ற காகிதத்தை வைங்க. அவ எழுதிப் போட்ட அந்த வரிகள்தான், படி எடுத்திருக்கேன். கீழ இருக்கற 'உலகத்திலேயே முதல்' அப்படியே இருக்கட்டும்.

அவருக்கு இன்னும் பஞ்சர் ஒட்டி முடியல. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, எழுந்துட்டேன்.