எப்போக்காவும் என் ஒரு வரியும்

கணினிகள் இன்னும் எவ்வளவு புத்திசாலி ஆனாலும் ஆகட்டும், எங்கள் எப்போக்காவின் மூன்றாவது கேள்வியைத் தாண்டிய மனிதனோ இயந்திரமோ இதுவரை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கால் வைத்ததில்லை. முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு நெற்றியைச் சொறிவார்கள். மூன்றாவது வரும்போது அவசரமாகக் கழிப்பறைக்குப் போவார்கள். நானே நான்கு முறை போயிருக்கிறேன்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் மட்டும் இருந்தது. எதைச் சொன்னாலும் "எப்போ?" என்று ஆரம்பிப்பதால், வந்த மூன்றாம் நாளே எப்போக்கா ஆகிவிட்டார்.

எங்களுடையது ஓர் உணவகத்துக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் கம்பெனி. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் லோரிகளுக்கு புக்கிங் போடுவது எங்கள் மென்பொருளின் வேலை. முன்பெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து பட்டனைத் தட்டுவார்கள். பிறகு முதலாளி ஒரு ஏஐ ஏஜெண்டைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் அனுப்பும் செய்தியைப் படித்து, மென்பொருளுக்குள் இருக்கும் கருவிகளில் எதை இயக்குவது என்று அதுவே முடிவு செய்யும். எந்தக் கருவி என்ன செய்யும் என்று நாங்கள் எழுதி வைக்கும் விளக்கத்தை விட்டால் அதற்கு வேறு எதுவும் தெரியாது. அந்த விளக்கங்களை எழுதத்தான் எப்போக்கா வந்தார். அதற்கு முன் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் பதினேழு வருஷம், போனிலேயே ஓட்டுநர்களை அங்கும் இங்கும் அனுப்பிக்கொண்டிருந்தவர்.

நான் எழுதிய கருவி ஒன்றின் பெயர் 'க்ளோஸ்'. அதற்கு நான் பெருமையோடு வைத்திருந்த விளக்கம் ஒரே வரி: 'புக்கிங்கை க்ளோஸ் செய்யும்.'

"எப்போ செய்யும்?" என்றார் எப்போக்கா.

"முடிஞ்சதும் அக்கா."

"எது முடிஞ்சதும்? க்ளோஸ்னா புதுசா புக்கிங் எடுக்காதேன்னு அர்த்தமா, இல்ல லோரி சாமானை இறக்கிட்டு வந்துடுச்சுன்னு அர்த்தமா?"

"இறக்கிட்டு வந்ததுதான். எல்லாருக்கும் தெரியும் லா."

"அந்த எல்லாரும் யாரு? எப்போ செய்யக்கூடாது?"

நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

கீழே உணவகத்திலும் இதே கதைதான். நாங்கள் நுரை பொங்க ஆற்றிய பால் டீக்கு "தே தாரிக் ஒண்ணு" என்று கத்துவோம். எப்போக்கா சப்ளை செய்யும் அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்வார்: "தே தாரிக், சீனி குறைச்சு. குறைச்சுன்னா அரைக் கரண்டி. பால் தீர்ந்துட்டா நீங்களா பாலில்லாத கொப்பி கொண்டு வராதீங்க. என்கிட்ட வந்து கேளுங்க." தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த அந்த அண்ணன் முதல் வாரம் மிரண்டு போனார். இரண்டாவது வாரம் கவனித்தேன்: எட்டுப் பேர் மேசையில், கேட்டது கேட்டபடி வந்தது எப்போக்காவுக்கு மட்டும்தான்.

என் 'க்ளோஸ்' கருவிக்கு அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். எனக்கு மானம் போனது.

"ஏஐ ரொம்ப ஸ்மார்ட் அக்கா. அதுவே புரிஞ்சுக்கும்."

"அதான் தம்பி பயமே. புரியாதவன் திரும்பக் கேட்பான். இது தானா ஒண்ணு நெனச்சுக்கிட்டு செஞ்சு முடிச்சிடும். போன்ல பேசும்போது நான் கை காட்டுறது டிரைவருக்குத் தெரியாது. இதுக்கும் தெரியாது. எழுத்துல இருந்தாத்தான் உண்டு."

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் சாப்பிடப் போன நேரத்தில், அந்த ஒன்றரைப் பக்கத்தை வெட்டிவிட்டு என் பழைய ஒரு வரியைத் திரும்ப வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போக வேண்டிய துணிமணிகள் துறைமுகத்தில் இருந்தன. ஒரு நாள் காலையில் அந்தச் சரக்குக்குரிய வாடிக்கையாளர், இன்றைக்கு இதற்கு மேல் புதிய புக்கிங் எடுக்க வேண்டாம் என்ற எண்ணத்தில், 'இன்னைக்கு புக்கிங் க்ளோஸ் பண்ணிடுங்க' என்று செய்தி அனுப்பினார். ஏஜெண்ட் என் ஒரு வரியைப் படித்தது. க்ளோஸ் செய்தது. கேட் வாசலில் வரிசையில் நின்ற முப்பத்தொரு லோரிகளுக்கும் 'வேலை முடிந்தது, நன்றி' என்று செய்தி போனது.

எந்த ஓட்டுநர் வேண்டாம் என்பார்? அத்தனை பேரும் சந்தோஷமாக வண்டியைத் திருப்பினார்கள். முதலாளி கண்டுபிடித்தபோது ஒருவர் டெங்கிலில் தன் வீட்டு வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஸ்ரீ கெம்பாங்கானில் மனைவியோடு பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எப்போக்கா போனை எடுத்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "அண்ணே, தப்பு எங்களோடது. திரும்புங்க. மூணாவது கேட். வந்து சேர்ந்ததும் எனக்கு போன் அடிங்க. வர முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க." முப்பத்தொரு தடவை, ஒரு சொல் மாறாமல். சாயங்காலத்துக்குள் இருபத்தொன்பது லோரிகள் சரக்கோடு கிளம்பின. மற்ற இரண்டுக்கு வேறு வண்டி பிடித்தோம்.

முதலாளி வந்து, "யார் இந்த விளக்கம் எழுதினது?" என்றார். நான் கழிப்பறைப் பக்கம் பார்த்தேன்.

"நாங்க ரெண்டு பேரும்தான் பாஸ்," என்றார் எப்போக்கா.

முதலாளி போனதும் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். "எப்போ வெட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த வாரம் முழுக்க இருவரும் உட்கார்ந்து, எல்லாக் கருவிகளுக்கும் புதிதாக எழுதினோம். க்ளோஸ் கருவிக்கு வைத்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சரக்கை இறக்கிவிட்டதாக ஓட்டுநர் சொன்ன பிறகு, அந்த ஒரு பயணத்தை மட்டும் முடிந்ததாகக் குறிக்கும். புதிய புக்கிங்கை நிறுத்த இதைப் பயன்படுத்தாதே. அதற்கு வேறு கருவி இருக்கிறது. எந்த லோரி என்று தெரியாவிட்டால், கேள்.' அதற்குப் பிறகு ஏஜெண்ட் நிஜமாகவே கேட்க ஆரம்பித்தது. முதல் முறை அது கேட்டதைத் திரையில் பார்த்து, பிள்ளை பேசியதைக் கேட்டவர் போல எப்போக்கா கை தட்டினார்.

போன வருஷம் மகளுக்குப் பிரசவம் என்று ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்துக்குப் போன எப்போக்கா, பேத்தியை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. விளக்கங்களை இப்போது நான்தான் எழுதுகிறேன். எழுதி முடித்து, யாராவது "எப்போ?" என்று தடுப்பார்கள் என்று சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். யாரும் தடுப்பதில்லை. அனுப்பிவிடுவேன்.

பெர்த்திலும் இங்கேயும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டுகிறது. தூங்கிக்கொண்டிருப்பார் என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லை. நேற்று மத்தியானம் போன் அடித்துவிட்டேன். "என்ன தம்பி, ஏதாவது உடைஞ்சு போச்சா?" என்றார். "ஒண்ணும் இல்லக்கா, சும்மாதான்," என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.