ஆறாவது கை

"ஒரு கையைக் காணோம்டி, தாட்சாயிணி!"

ஓட்டின் மேலிருந்து வீரராகவன் போட்ட அலறலில், கீழே வீட்டுக்காரி வேம்புலியம்மாள் காயத்துக்குக் கட்டுப்போடப் பழைய புடவையைக் கிழிக்கத் தொடங்கிவிட்டாள்.

காணாமல்போன கை அவனுடையதல்ல, நட்சத்திர மீனுடையது. அவன் கையே போயிருந்தாலும் அவ்வளவு பதறியிருப்பானா என்பது சந்தேகம்தான்.

பூந்தமல்லிப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவன் தற்காலிக வாத்தியார். கோடை விடுமுறை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளி திறந்ததும் போனால் போகிறதென்று கூப்பிடுவார்கள். இந்த வருஷம் ஓர் இடத்தை நிரந்தரமாக்கப் போகிறார்கள். தலைமை ஆசிரியர் ராஜசேகரன் அவனைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"புதன்கிழமை இன்ஸ்பெக்டர் ராவ்சாகிப் ஆனந்தன் வரார். அவருக்குக் கடல் ஜந்துன்னா உசுரு. நீயே கரையில தேடி, இன்ன இனம்னு கண்டுபிடிச்சு வச்சிருக்கேன்னு காட்டு. வேலை உனக்குத்தான்."

ராவ்சாகிப்பின் கதை ஊரறிந்தது. ஐந்து கை இருக்கவேண்டிய நட்சத்திர மீனில் ஆறு கை உள்ள ஒன்றை அவர் மெட்ராஸ் கடற்கரையில் கண்டெடுத்தாராம். அதற்குப் பிறகுதான் பட்டம், பதவி எல்லாம். அதைக் கையில் ஏந்தி அவர் நிற்கும் படம் ஜில்லாவின் எல்லாப் பள்ளிகளிலும் தொங்கியது. அதைப் பார்த்து வரையச் சொல்லி, ஐந்து கையோடு நிறுத்திய பையன்களை வீரராகவன் முட்டி போட வைத்ததும் உண்டு.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மெட்ராஸ் போனான். பாடப் புத்தகத்தை ஒரு கையிலும் செருப்பை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, ஈர மணலைக் கிளறியபடி வெயிலில் நடந்தான்.

"இன்னா நைனா தேடுற? மோதிரம் வுட்டியா?" என்று கேட்டாள் வலை உதறிய ஒரு பெண்.

"நட்சத்திர மீனும்மா."

"அதைத் துன்ன முடியாதே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். வலையிலிருந்து கழித்துப் போட்ட குப்பையைக் கிளறியதில் இரண்டு அகப்பட்டன. ஒன்றுக்கு ஓரமெல்லாம் சீப்புப் பல்போல முள், மற்றது வழவழப்பு. மணலில் மண்டியிட்டு, புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் வேறு வேறு இனம் என்று அவனே கண்டுபிடித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் வீடு வரும்வரை இருந்தது.

"வாத்தியாரே, இது ஊடா, மீன் மார்க்கெட்டா?" என்றாள் வேம்புலியம்மாள் மறுநாள். "இந்த நாத்தம் போகலன்னா மாங்காட்டுப் பக்கம் வேற ஊடு பாத்துக்கோ."

நாற்றத்துக்குப் பயந்து ஓட்டின்மேல் காயவைத்தான். காகம் வந்தது. வழவழப்பானதைத் தூக்கிப்போய்க் கிணற்றடியில் போட்டு உடைத்துத் தின்றதில் இரண்டே கைகள்தான் மிச்சம். முள் மீனிலோ ஒரு கையைக் காணோம். விடிந்தால் புதன்கிழமை.

"இதுக்கா இந்தக் கத்து கத்துனீங்க?" என்றாள் அவன் மனைவி தாட்சாயிணி. "அதுல ஒண்ணை எடுத்து இதுல ஒட்டுனாப் போச்சு. தபால் கவரையே சோத்துலதானே ஒட்டுறோம்?"

"அது வேற இனம்டி!"

"இனம் பாத்துக்கினு இருந்தா வேலை கெடைச்சுடுமா?"

அவள் சோற்றைக் குழைத்து ஒட்டினாள். நிறம் பொருந்தவில்லை. கோலத்துக்கு வைத்திருந்த காவியைக் கரைத்து எல்லாக் கைகளுக்கும் பூசினாள். மீனை வைக்கும் பெட்டிக்குப் பஞ்சு வாங்க அவன் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் மீன் ஆறு கையோடு உட்கார்ந்திருந்தது.

"இன்னாடி இது?"

"ஒண்ணு மிச்சம் கீதேன்னு அதையும் ஒட்டிட்டேன். உங்க ராவ்சாகிப்புக்கு ஆறுதானே புடிக்கும்?"

பிடுங்கிப் பார்த்தான். ஒட்டின கை அசையவில்லை, அசல் கை ஆடியது. பயந்துபோய் விட்டுவிட்டான்.

காலையில் ராஜசேகரனிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் போனான். வாயைத் திறக்குமுன் அவர் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"ஆறு! அடேயப்பா, ஆறு!"

"சார், அது வந்து..."

"அடக்கம் இருக்கவேண்டியதுதான்யா, இவ்வளவு வேணாம்."

வகுப்புக்கு வந்ததும் ராவ்சாகிப் பெட்டிக்குள் பார்த்தார். முகம் கறுத்தது.

"எங்கே கிடைச்சுது?"

"மெட்ராஸ் கரையிலதான் சார்."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வகுப்பே எட்டி எட்டிப் பார்த்தது. கையும் உடலும் சேருமிடத்திலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று, ஒரு பருக்கையை இழுத்துக்கொண்டு.

"கடல்ல எப்பலேர்ந்து சோறு விளையுது?" என்றார் ராவ்சாகிப்.

பையன்கள் சிரித்தார்கள், முட்டி போட்டவர்கள் கொஞ்சம் அதிகமாகவே. ராஜசேகரன், "எனக்கு அப்பவே சந்தேகம் சார்" என்றார். விஞ்ஞானம் என்பது சத்தியம், அதில் பொய்யை ஒட்டுகிறவன் குழந்தைகளுக்கு விஷம் கொடுப்பவன் என்று ராவ்சாகிப் நெடுநேரம் பேசினார். பேச்சின் முடிவில் வீரராகவனுக்குத் தற்காலிக வேலையும் இல்லாமல் போயிற்று.

வீரராகவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். தாட்சாயிணியிடம் இதை எந்த வாயால் சொல்வது? ராவ்சாகிப் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையே என்பதுதான் அவனை அதிகமாக அறுத்தது.

ராவ்சாகிப்பின் சாமான்களை மோட்டாரில் ஏற்றிக்கொண்டிருந்தான் துலுக்கானம். பல வருஷமாக அவருக்குச் சேவகன். அவன் மெதுவாக அருகில் வந்து, மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சோத்துலயா சார் ஒட்டுன? எறும்பு வராம இன்னா பண்ணும்?" என்றான் நிஜமான வருத்தத்தோடு. "இதுக்கெல்லாம் வேப்பம்பிசின்தான் சார். எங்க ஐயாவோட மீனுக்கு ஆறாவது கைய நான் அதுலதான் ஒட்டிக் குடுத்தேன், இன்னமும் கெட்டியா கீது."