நெய்க்காரப்பட்டியில் பூட்டியிருந்த அறை

கதையில் பூட்டிய அறை ஒன்று வந்தால் அதற்குள் ஒரு ரகசியம் உட்கார்ந்திருக்கும் என்று ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் உறுதியாக நம்பியவன் நான். கதை படிக்கும்போது நம்பியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நெய்க்காரப்பட்டியில், என் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், இலை போடுகிற நேரத்தில் நம்பியதுதான் வினையாகிப் போனது.

திண்டுக்கல்லில் எனக்கு இரும்புக்கடை. ஆணி, கீல், பூட்டு, கம்பி வலை. கல்லாவில் உட்கார்ந்து துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளுவேன். (ஒன்றரை இஞ்ச் ஆணி கேட்டவருக்கு இரண்டரை இஞ்ச் கொடுத்து அனுப்பிய கதையெல்லாம் தனி.) போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஒரு கதைப் பட்டறையிலும் போய்ச் சேர்ந்தேன். நடத்தியவர் என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு டீச்சர். ஒருநாள் அவர் சொன்னார்: “ஆரம்பத்துல காட்டுற ஒரு பொருள் பின்னாடி நிஜமாவே கதையத் திருப்புச்சுன்னா, அது முன்குறிப்பு. வாசகரை வேற பக்கம் பார்க்க வச்சிட்டு அது பாட்டுக்குச் சும்மா கிடந்தா, அது பொய்த்தடயம். முதல் தடவ பார்க்கும்போது ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கும். முடிவு தெரிஞ்ச பிறகுதான் பிரிச்சுச் சொல்ல முடியும்.”

நான் கையைத் தூக்கினேன். “எனக்கு முதல் பக்கத்துலயே தெரிஞ்சிரும் டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம்தான் நெய்க்காரப்பட்டிப் பயணம். என் மகள் கார்த்திகாவும் பிரபுவும் காந்திகிராமத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு வீட்டையும் பேச்சுக்குக் கொண்டுவர இரண்டு வருஷம் படாத பாடு பட்டிருந்தார்கள். பிரபு வீட்டார் போன மாதம் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டியது எங்கள் முறை.

இதில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்கப் போகிறவர்கள் காபி குடிக்கலாம், முறுக்கைக் கடிக்கலாம், கை மட்டும் நனைக்கக் கூடாது. அதாவது, இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்து ‘ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்’ என்றால் முடிந்தது. அப்படிச் சொல்லிவிட்டு வந்த யாரும் இதுவரை எதையும் சொல்லி அனுப்பியதில்லை.

கிளம்பும்போது கார்த்திகா வாசலில் மறித்தாள்.

“அப்பா, அவங்க அப்பா ரொம்ப ரோஷக்காரரு. ஒரு தடவ முகம் கோணுச்சுன்னா அம்புட்டுத்தான். போறீங்க, சாப்பிடுறீங்க, வாரீங்க. நடுவுல எதையும் கண்டுபிடிக்க வேணாம்.”

“நான் என்னத்தம்மா கண்டுபிடிக்கப் போறேன்?”

“அதான்ப்பா பயமா இருக்கு.”

நான், என் மனைவி விஜயா, வண்டி ஓட்ட அவள் தம்பி கண்ணன். மூன்று பேரும் பதினொரு மணிக்கெல்லாம் போய் இறங்கினோம். பிரபுவின் அப்பா வேலுச்சாமி தென்னந்தோப்புக்காரர். வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டார். “வாங்க வாங்க. ஏனுங்க, வெயிலுக்கு முன்னாடியே வந்திருக்கலாமுங்களே.” வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு துணி வெளியே கிடக்கவில்லை, ஒரு செம்பு இடம் மாறி நிற்கவில்லை. மனிதர்கள் குடியிருக்கிற வீடு இவ்வளவு சுத்தமாக இருக்குமா? எனக்குள் முதல் மணி அடித்தது.

இரண்டாவது மணி அந்த அறை. கூடத்தின் கோடியில், வெளிப்பக்கம் திறக்கிற ஒற்றைக் கதவு. அதில் ஒரு தேங்காய் அளவுக்குப் பூட்டு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்ட வேலுச்சாமி, “உங்க ஊர்ப் பூட்டுத்தானுங்க” என்றார், பெருமையாக. ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது சமையலறை, மாடி, மாட்டுக்கொட்டகை, போர் மோட்டார் வரைக்கும் காட்டியவர் அந்தக் கதவை மட்டும் நெடுஞ்சாலையில் டோல்கேட்டைத் தாண்டுகிற அரசு வண்டி மாதிரி நிற்காமல் கடந்தார். பிரபுவின் அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முன்குறிப்பு! பச்சையான முன்குறிப்பு!

அப்போது உள்ளே ‘தொப்’ என்று ஒரு சத்தம்.

“எலிங்க” என்றார் பிரபுவின் அம்மா. அந்தச் சத்தத்துக்கு எலி என்றால், அது குறைந்தது முப்பது கிலோ இருக்க வேண்டும்.

கண்ணனை ஜன்னல் பக்கம் இழுத்துப் போனேன். “ஏலே, அந்த ரூம்ல யாரோ இருக்காக.”

“யாரு மாமா?”

“முதல் சம்சாரமா இருக்கும்.”

“இருபத்தெட்டு வயசுப் பையனுக்கா? நம்ம கார்த்திகாகூட ரெண்டு வருஷமா தினமும் மூணு மணி நேரம் போன்ல பேசுனவனுக்கா? எப்ப மாமா நேரம்?”

நியாயமான கேள்விதான். அதனால் என் மூளை அடுத்த பக்கத்தைப் புரட்டியது. இவ்வளவு பெரிய பூட்டை எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிடுவானா ஒரு கெட்டிக்காரன்? மாட்டான். அப்படியானால் பூட்டு பொய்த்தடயம். நிஜமானது வேறெங்கோ இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். பிரபுவின் இடது கையில் ஒரு கட்டு. அதைச் சட்டைக்குள் இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டிருந்தான்.

“கையில என்னப்பா?”

“பைக் ஸ்டாண்டு பட்டுதுங்க” என்றான் பிரபு. அதே நொடியில் சமையலறையிலிருந்து அவன் அம்மா குரல்: “தேங்காய் உரிச்சானுங்க!”

ஒரு கட்டுக்கு இரண்டு காரணம். பூட்டு முன்குறிப்பா, கட்டு முன்குறிப்பா? ஒன்று பொய்யென்றால் எது பொய்? இரண்டும் நிஜமென்றால் உள்ளே இருக்கிற ஆள் இவன் கையைக் கடித்திருக்கிறாளா? வாழைக்காய் வறுவல், அவரைக்காய்ப் பொரியல், பருப்பு நெய் என்று வாசனை வந்துகொண்டிருந்தது. இந்த வெஞ்சனமெல்லாம் தயாராகத் தயாராக எனக்கு நேரம் குறைந்துகொண்டே போனது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கார்த்திகா. ‘அப்பா சாப்டீங்களா?’

உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்பாவிடம் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அதைப் படித்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டியது.

“கை கழுவிட்டு வாங்க, இலை போட்டாச்சுங்க” என்றார் வேலுச்சாமி. எல்லோரும் கொல்லைப்பக்கம் போனார்கள். நான் பின்தங்கினேன். கூடம் காலி. கதவுக்கும் எனக்கும் பத்தடி. அந்தப் பத்தடியை நான் நடந்த நடையைக் கொல்லை வாசலிலிருந்து பார்த்துவிட்ட கண்ணன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவான். குடித்த கொக்கு மாதிரி இருக்கும்.

பூட்டு எவ்வளவு பெரிதோ சாவி அவ்வளவு பக்கத்தில் இருக்கும். முப்பது வருஷம் பூட்டு விற்றவனுக்கு இது தெரியாதா? நிலைக்கு மேலே கையை விட்டேன். இருந்தது. திருகினேன். நாதாங்கியை விலக்கினேன். கதவு என் உதவி இல்லாமல் தானாகவே திறந்தது.

முதலில் மெத்தை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு மெத்தை. அப்புறம் ஒரு மூட்டை வாய் பிளந்து, சின்ன வெங்காயம் கூடம் முழுக்க ஓடியது. ஓடாத மிக்சி, இறக்கை ஒடிந்த மின்விசிறி, பத்து வருஷத்துக் காலண்டர், மடிக்காத துணி மலை. கடைசியாக ஒரு பட்டாபட்டி டவுசர் பறந்து வந்து என் தோளில் பொன்னாடை மாதிரி அமர்ந்தது. நான் வெங்காயத்தின் நடுவே உட்கார்ந்திருந்தேன். போன் வழுக்கிக்கொண்டு போய் யாருடைய காலடியிலோ நின்றது.

எல்லோரும் வந்து நின்றார்கள்.

“ஏனுங்க,” வேலுச்சாமியின் குரல் மிக மெதுவாக இருந்தது, “என்னத்தைத் தேடினீங்க?”

“பாத்ரூம்னு நெனச்சு…”

“பாத்ரூமுக்கு வெளிய பூட்டுப் போடுவாங்களாங்க?”

பிரபுவின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். “காலையில அஞ்சு மணியில இருந்து அள்ளிப் போட்டமுங்க. கட்டிலை உள்ளார தள்ளறப்பத்தான் அவன் கை நசுங்குச்சு. கெடந்த கெடையக் கண்டா ஊடு வெச்சுக்கத் தெரியாதவங்கன்னு நெனப்பீங்கன்னுதானுங்க…”

வேலுச்சாமி என்னைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி, “இலையை எடுத்துரு” என்றார். “அவங்க கெளம்பட்டும்.”

பிரபு குனிந்து தன் காலடியில் கிடந்த போனை எடுத்தான். திரை ஒளிர்ந்தது. ‘அப்பா சாப்டீங்களா?’ மறுபடியும். படித்தான். என் கையில் கொடுத்தான். அந்தப் பையனின் முகத்தை அப்போது பார்த்தேன். இரண்டு வருஷம் பட்ட பாடு நின்றிருந்தது அந்த முகத்தில்.

அப்போது விஜயா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, எதுக்கு அழுகுறீங்க? போன மாசம் நீங்க வந்தப்ப எங்க வீட்ல மாடி ரூமு பூட்டிக் கிடந்துச்சுல்ல? இந்த மனுசன் கடையில விக்காத துருப்பிடிச்ச கம்பி, காயலான் பைக்கு, எங்க வீட்டு அழுக்குத் துணி, அம்புட்டும் அதுக்குள்ளதான் கிடந்துச்சு. பூட்டுனது யாருன்னு கேளுங்க. இவருதான்!”

நிஜம். நானேதான் பூட்டினேன். அது எனக்கு அந்த நொடி வரை ஞாபகமே வரவில்லை.

வேலுச்சாமி மெல்லத் திரும்பினார்.

“அந்த மாடி ரூமுங்களா?”

“ஆமாங்கண்ணே.”

“நானும் பாத்தனுங்க.” அவர் மீசை துடித்தது. “உள்ளார யாரையோ அடைச்சு வெச்சிருக்காங்கன்னு ஊடு வந்து சேர்ற வரைக்கும் இவகிட்டச் சொல்லிக்கிட்டே வந்தனுங்க.”

முதலில் சிரித்தது அழுதுகொண்டிருந்த அவர் மனைவிதான். பிறகு கண்ணன். வேலுச்சாமி சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய வேண்டியிருந்தது. நான் தோளிலிருந்த பட்டாபட்டியை எடுத்து மரியாதையாக மடித்து அவரிடம் நீட்டினேன். “என்னோடதுங்க” என்று வாங்கிக்கொண்டார்.

என் சம்மதத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை. விஜயா கையைக் கழுவி, தானே போய் முதல் இலையில் உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தாள். கண்ணன் அதைப் படம் பிடித்துக் கார்த்திகாவுக்கு அனுப்பினான். எனக்கு இரண்டாவது பந்தி. பாய் மேல் மீதி வெங்காயத்தைப் பரப்பிவிட்டுத்தான் வரச் சொன்னார்கள்.

பட்டறை டீச்சரிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். “மூணாவதா ஒண்ணும் சொன்னேனே சார்,” என்றார். “முன்குறிப்பும் இல்லாம, பொய்த்தடயமும் இல்லாம, வீடுன்னா இருக்குமேன்னு சும்மா எழுதுற பொருளும் உண்டுன்னு. அப்ப நீங்க டீ குடிக்க வெளிய போயிட்டீங்க.”

கல்யாணத்தன்று மேடையில் வேலுச்சாமி ஒரு தாம்பாளத்தில் தன் வீட்டுச் சாவிக்கொத்தை வைத்து எனக்கு நீட்டினார். “சம்பந்தி, எதையாச்சும் பாக்கோணும்னா முன்னாடியே பாத்துக்குங்க.” மண்டபம் முழுக்கக் கேட்டது. இன்றைக்கும் அந்த வீட்டுக்கு நான் போனால், யாராவது ஒருவர் எழுந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று கை காட்டுவார்.

வெளியே கொட்டியதைத் திரும்ப உள்ளே அடுக்க அவர்களுக்கு மனசில்லை. மின்விசிறியையும் மிக்சியையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டார்கள். வெங்காயத்தைச் சந்தைக்கு அனுப்பினார்கள். காலியான அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னல் வைத்து, மகனுக்கும் மருமகளுக்கும் கொடுத்தார்கள். என் மகள் அங்கேதான் இருக்கிறாள்.