அட்டையை நகர்த்துகிறவர்

பனியன் துணியில் ரகம் இருப்பதைப்போல மனிதர்களிலும் ரகம் இருக்கிறது. அதில் ஒரு ரகத்துக்கு நான் ‘அட்டையை நகர்த்துகிறவர்’ என்று பேர் வைத்திருக்கிறேன். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். கடிக்க மாட்டார். டீ வாங்கிக் கொடுப்பார், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதுவார், கேதத்துக்கு முதல் ஆளாய் வந்து நிற்பார். ஒரே ஒரு கோளாறுதான். குறி வைத்த இடத்தில் படவில்லை என்றால், பட்ட இடத்துக்குக் குறியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சுலபம். தினமும் காலையில் நாலு ரவுண்டு நடக்கப்போவதாகத் தெருவுக்கே சொல்லிவிட்டு, வெள்ளை ஷூ வாங்கி, கழுத்தில் துண்டைப் போட்டுக் கிளம்பி, முதல் ரவுண்டு முடிவதற்குள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, நம்ம வயசுக்கு ஒரு ரவுண்டுதான் நல்லது, அதற்கு மேல் போனால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்து ஆளுக்குப் புத்தி சொல்கிறாரே, அவர்தான். பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பித் தாராபுரத்தில் பஸ் ஏறிவிட்டு, முருகன் தன்னைத் தாராபுரம் வரைக்கும்தான் நடக்கச் சொன்னார் என்கிறாரே, அவரேதான். பையனுக்கு இன்ஜினியரிங் கிடைக்கும் வரைக்கும் இன்ஜினியரிங். கிடைக்கவில்லை என்றால், வீட்டில் ஒருத்தன் பி.காம். படிக்கவேண்டும் என்பது ஆதியிலிருந்தே அவருடைய ஆசை. வாழ்க்கையில் தோற்றதே இல்லை. எப்படித் தோற்பார்?

எனக்குத் தெரிந்த வேலுமணி இந்த ரகத்தில் முதல் தரம். தாராபுரம் ரோட்டில் பனியன் யூனிட் வைத்திருக்கிறார். நான் அங்கே அயர்ன் மாஸ்டர். எட்டாவதோடு படிப்பை விட்டவன். சுற்றி வளைத்துச் சொல்ல வராது, கோவித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பழக்கத்தை அவருக்கு ஊட்டி வளர்த்ததே தொழில்தான் என்பேன். டி-சர்ட்டின் மார்பு அளவு அரை இஞ்ச் கூடிப்போனால் மற்ற யூனிட்டில் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். வேலுமணி போனை எடுப்பார். சரக்கு வாங்குகிற பையரின் ஆபீசில் இருக்கிறவரிடம் ஊர் மழையை விசாரித்து, அவர் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்து, அளவையே அரை இஞ்ச் கூட்டி அப்ரூவல் வாங்கிவிடுவார். சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அளவு நடந்து வந்து சட்டைமேல் உட்காரும். “பாத்தீங்களா, கரெக்ட்டா இருக்குதுங்க” என்பார் எங்களைப் பார்த்து. பிரித்துத் தைக்கிற வேலை எங்களுக்கும் மிச்சம். யார் எதிர்த்துக் கேட்பார்கள்?

ரெண்டாயிரத்து எட்டில் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காரர் ஒருவர் துப்பாக்கி சுட்டுத் தங்கம் வாங்கினார். ஊரே சந்தோஷப்பட்டது. வேலுமணி சந்தோஷப்பட்டதோடு நிற்காமல் கோயமுத்தூர் போய் ஒரு ஏர் ரைஃபிள் வாங்கிவந்துவிட்டார். லைசென்ஸ் கேட்காத துப்பாக்கி. சின்ன ஈயக் குண்டைக் காற்றால் தள்ளும். அதன்மேல் மாட்டிக் குறி பார்க்க, எட்டத்தைக் கிட்டத்தில் காட்டுகிற ஸ்கோப் ஒன்றும் கூட வந்தது. பத்து மீட்டரில் நடுப்புள்ளியை அடிப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை என்று வந்து இறங்கிய உடனே சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆயுத பூஜைக்குத் தையல் மிஷின், கத்தரி, அயர்ன் பாக்ஸ் வரிசையில் துப்பாக்கியும் படுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்கும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். பிறகு அதில் கண்ணை வைத்துப் பார்த்தால், சாயப்பட்டறைத் தண்ணீருக்குள் முங்கி எழுந்ததுபோல் இருந்தது. அவர் வீட்டுக்கார அம்மா அன்புசெல்விதான் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கோப் மாட்டுகிற படலம். கரண்ட் கிடையாது, வேலையும் கிடையாது. குடோனில் ஒரு பெரிய மேஜைமேல் துப்பாக்கியைக் கிடத்தி, கூட வந்த புத்தகத்தைத் தெரியாதவர்கள் படிக்கட்டும் என்று ஓரமாய் வைத்துவிட்டு, ஸ்க்ரூ ஒவ்வொன்றாக முறுக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எவ்வளவு தூரம் காட்டுகிறது பாருங்கள் என்று என்னையும் கூப்பிட்டார். பார்த்தேன். எதிர்ச்சுவர் காங்கேயத்தில் இருந்தது. ஆள் ஸ்கோப்பை முன்பின்னாக மாட்டியிருந்தார்.

“ஏனுங்க, இது கிட்டத்துல காட்டோணுங்களா, எட்டத்துல காட்டோணுங்களா?” என்று கேட்டார்கள் அன்புசெல்வி அம்மா.

சில மாடல் எட்டத்தில்தான் காட்டும் என்று பதில் வந்தது. அந்த அம்மா ஸ்கோப்பைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்கள். சுவர் சுவர் இருக்கிற இடத்துக்கு வந்தது.

அந்தச் சுவரோரம் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. குண்டு அதற்குள் புகுந்தால் அப்படியே அடங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூட்டைகளை ஒட்டினாற்போல் இடது பக்கத்தில், தார்ப்பாய் போட்டு மூடிய பெட்டிகள் இருந்தன. அவை கைருதீன் பாயின் சரக்கு.

கைருதீன் பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். அடுத்தவர் கம்பெனிக்கு செக்கிங், பேக்கிங் செய்தே பாதி வயசைக் கழித்தவர். இப்போதுதான் சொந்தப் பேரில் முதல் ஆர்டர். குழந்தைகள் டி-சர்ட், மார்பில் யானைப் படம். பையரின் ஆள் வந்து பார்த்துப் பாஸ் பண்ணி, டேப் ஒட்டி, எல்லாம் முடிந்தது. திங்கள் காலை தூத்துக்குடிக்கு லாரி. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆர்டர் வரும். இல்லை என்றால் மறுபடியும் அடுத்தவர் பெட்டிக்கு டேப் ஒட்டப் போகவேண்டியதுதான். வீட்டில் இடம் போதாமல் வேலுமணியின் குடோனில் கொண்டுவந்து வைத்திருந்தார். சிநேகிதர் இடம், பயமில்லை என்று நினைத்திருப்பார்.

வேலுமணி குறி அட்டையை நடு மூட்டையில் ஒட்டினார். மேஜையில் மணல் மூட்டை போட்டு, துப்பாக்கியை அதன்மேல் சாய்த்து, மூச்சை அடக்கிச் சுட்டார். அட்டைக்கு இடது பக்கம் நாலு விரல் தள்ளி ஓட்டை. இன்னொன்று சுட்டார். அங்கேயேதான். இன்னொன்று. அதுவும் அங்கேயேதான்.

இந்த இடத்தில் துப்பாக்கி பிடித்த எவரும் செய்கிற காரியம் ஒன்றுதான். ஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் குண்டு அட்டைக்கு வந்து சேரும். அதற்காகத்தான் அதை வைத்தே இருக்கிறான். அந்தத் திருகு எதற்குங்க என்று நானும் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தேன். அது கம்பெனியிலேயே செட் பண்ணி அனுப்பியது, அதில் கை வைக்கக்கூடாது என்றார். எழுந்து போனார். அட்டையை உரித்தார். குண்டு பட்ட இடத்தில் கொண்டுபோய் ஒட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கென்ன, தூரத்தில் இருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்கிற வழக்கம் கிடையாது. கிணற்றில் விழுந்தவரைப் பார்த்துக்கூட, தண்ணி சில்லுன்னு இருக்குதுங்களா என்றுதான் ஆரம்பிப்போம். கிட்டத்திலதானுங்க போச்சு என்று நானும் சொல்லிவைத்தேன்.

அட்டை நகர்ந்துவிட்டது. இனி அவர் குறி பார்ப்பது நகர்ந்த அட்டையை. அப்படியென்றால் குண்டு எங்கே போகும்? அதற்கும் நாலு விரல் இடது பக்கம். மறுபடி எழுந்து போனார், மறுபடி உரித்தார், மறுபடி ஒட்டினார், மறுபடி வந்து உட்கார்ந்து மூச்சை அடக்கினார். அட்டை போகப் போகக் குண்டும் அதற்கு முன்னால் போய்க்கொண்டே இருக்க, மனிதர் சளைக்காமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். தன் வாலைப் பிடிக்கப்போகிற நாய்க்குட்டியாவது கொஞ்ச நேரத்தில் களைத்துப் படுத்துவிடும்.

டீ கொண்டுவந்த அன்புசெல்வி அம்மா சற்று நின்று பார்த்தார்கள்.

“ஏனுங்க, மொதல்ல சுட்டுப்போட்டு அப்பறமா அட்டைய ஒட்டுனா என்னங்க? குறி பாக்கற வேலையாச்சும் மிச்சமாகுமுங்க.”

வேலுமணிக்கு அது கேலியாகப் படவில்லை. யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்படியே அட்டை கடைசி மூட்டையின் கடைசி ஓரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் தார்ப்பாய்தான்.

“ஏனுங்ணா, அந்தப் பக்கம் பாய் சரக்கு இருக்குதுங்க” என்றேன்.

“சரக்குல யாருங்க சுடறாங்க? நான் மூட்டையிலதானுங்க சுடறேன்.”

அட்டை ஒட்டியிருப்பது மூட்டையில், அதனால் குண்டும் மூட்டைக்குத்தான் போகும் என்பது அவர் நியாயம். இதுவரைக்கும் ஒரு குண்டும் அட்டைக்குப் போகவில்லையே என்பதெல்லாம் பழைய கதை. இந்த ரகத்துக்காரருக்கு எப்போதும் அடுத்த குண்டுதான் கணக்கு.

சுட்டார். அட்டையில் ஓட்டை இல்லை. மூட்டையிலும் ஓட்டை இல்லை. வேறு ஆளாக இருந்தால் குண்டு எங்கே என்று தேடியிருப்பார். துணிக்குள் போய்விட்டது, மேலே துணி மூடிக்கொண்டது என்று வேலுமணி விளக்கம் சொல்லிவிட்டு மேற்கொண்டு சுட்டுக்கொண்டே போனார். எழுந்து போய்ப் பார்க்கலாம்தான். துப்பாக்கிக்கு முன்னால் யார் போவது?

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அப்போது கைருதீன் பாய் உள்ளே வந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் சும்மா எட்டிப் பார்க்க வருகிற அப்பாவைப்போல, பெட்டிகளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். வேலுமணி துப்பாக்கியைக் கீழே வைத்தார். பாய் நேராகப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

நாங்களும் போய்ப் பார்த்தோம். ஒரு பெட்டியின் பக்கவாட்டில், ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் என்கிற அளவுக்குள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு அத்தனை ஓட்டையும் இருந்தன. சொன்னால் நம்புங்கள், வேலுமணிக்கு நிதானமான கை. நடுங்கவே இல்லை. அந்தத் திருகை மட்டும் திருப்பியிருந்தால் ஒவ்வொரு குண்டும் நடுப்புள்ளியில் போய் இறங்கியிருக்கும். இத்தனை நன்றாகச் சுடுகிறவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அவருக்கும் அது தெரிந்துவிட்டது. முகமெல்லாம் பூரிப்பு.

“பாய், பாத்தீங்களா, எல்லாமே ஒரே எடத்துல.”

“அது என்னோட பொட்டிங்ணா” என்றார் பாய்.

பெட்டியைப் பிரித்தோம். வரிசையாகச் சில டி-சர்ட்டுகளைத் துளைத்துப்போய் அதற்கப்புறம்தான் குண்டுகள் அடங்கியிருந்தன. யானைகளுக்கு வயிற்றில் ஓட்டை. பாய் ஒன்றை விரித்துப் பார்த்தார். மடித்தார். மறுபடி விரித்தார். மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

வேலுமணி ஒரு டி-சர்ட்டை எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார், அதே பழைய வாய்தான். “ஓட்டை மேல ஒரு ஸ்டார் வெச்சுத் தச்சுட்டா புது டிசைனுங்க பாய். பையர்கிட்ட நான் பேசி வாங்கித் தர்றனுங்க.”

பாய் கத்தவில்லை. குரல்கூட ஏறவில்லை.

“நீங்க பேசுனா ஒத்துக்குவாங்கண்ணா. ஆனா எனக்கு இது மொத ஆர்டருங்க. மொத ஆர்டர்லயே ஓட்டைய டிசைன்னு சொல்லிட்டன்னா, அப்பறம் ஆயுசுக்கும் அதையேதானுங்க சொல்லோணும்.”

நகர்த்துவதற்கு இடம் இல்லாமல் அவர் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பழுதுக்கு ஈடாக இருக்கட்டும் என்று எந்த ஆர்டரிலும் கொஞ்சம் கூடுதலாகவே தைத்து வைப்பது வழக்கம். பாய் வீட்டில் அந்த மிச்சம் இருந்தது; கணக்குக்குச் சரியாகப் போதும்போல் இருந்தது. அவர் ஓடிப்போய் எடுத்துவந்தார். அன்புசெல்வி அம்மா ஜெனரேட்டரைப் போடச் சொல்லிவிட்டு மடிக்க உட்கார்ந்தார்கள். நான் அயர்ன் போட்டேன். பாய் பையரின் ஆளுக்குப் போன் செய்து, நடந்ததை நடந்தபடியே சொன்னார். சாயங்காலம் அந்த மனிதர் வந்து புதுப் பெட்டியைப் பார்த்தார், பழைய பெட்டியையும் பார்த்தார், சிரிப்பை அடக்கக் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு, டேப்பை ஒட்டிவிட்டுப் போனார். திங்கள் காலை லாரி போயிற்று. எல்லாப் பெட்டியும் போயிற்று.

வேலுமணி? நாங்கள் மடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஓசைப்படாமல் அந்தத் திருகைத் திருப்பியிருக்கிறார். மறுவாரம் கூப்பிட்டுக் காட்டினார். நடுப்புள்ளி, நடுப்புள்ளி, நடுப்புள்ளி. திருந்திவிட்டார் என்று நான்கூட நினைத்தேன். டீக்கடையில் அவர் கதை சொல்லக் கேட்கிற வரைக்கும் நினைத்தேன். ஸ்கோப் செட் பண்ணுவதற்கு முறை என்று ஒன்று இருக்கிறதாம். முதலில் வேண்டுமென்றே ஒரு கெட்டிப் பெட்டியில் சுட்டுப் பார்க்கவேண்டுமாம். அதற்குச் சரியான பெட்டியை அவரே தேர்ந்தெடுத்தாராம். பாய்க்கு ரெண்டாவது ஆர்டர் வந்ததே அந்தக் கை ராசியில்தானாம். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பாய், ஆமாங்க என்றார். முன்னமே சொன்னேனே, எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம்.

நீங்கள் வேறு பக்கமாக இருக்கலாம், அதனால் உங்களை நேராகவே கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வந்தபோது உங்கள் மனசில் யார் முகம் வந்தது? மச்சினரா? மேனேஜரா? எதிர்வீட்டுக்காரரா? அவர்தான் அச்சு அசல் இந்த ரகம் என்று தலையை வேறு ஆட்டினீர்களா?

நான் அட்டையை உங்கள் நெஞ்சில்தானே ஒட்டினேன். எப்போது உரித்து அவர் முதுகில் ஒட்டினீர்கள்?