தலை காட்டிய மீன்கள்

கிளியனூர் செண்பகத்தின் மீன் குட்டையில் ஒரு காலை கட்லாவும் ரோகுவும் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மிஞ்சிய தீவனமும் மீன் எச்சமும் அடியில் சேறாகி அழுகி, தண்ணீரில் இருக்கிற காற்றைத் தின்றுவிடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர்வெல் தண்ணீர் விடவேண்டும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே என்று விழுப்புரத்து மீன்வளத்துறை அதிகாரிக்குப் போன் பண்ணியதுதான் வினையாகப் போயிற்று.

அதிகாரி நெடுஞ்செழியன் ஜீப்பில் வந்தார். அது துறை கொண்டாடும் 'மகிழ்ச்சியான மீன் வாரம்'. கரையில் கைகட்டி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"மூச்சு முட்டிக்கினு மேல வருதுங்க சார்," என்றாள் செண்பகம்.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. பொதுமக்களைச் சந்திக்க மீன்கள் தாமாகவே முன்வந்திருக்கின்றன."

மகிழ்ச்சிக் குட்டை விருதுக்கு அவள் பெயரைப் பரிந்துரைப்பதாகவும், மறுநாள் தேர்வுக்குழு வரும்வரை குட்டையின் மகிழ்ச்சி நிலையில் யாதொரு மாற்றமும் செய்யலாகாது என்றும் அறிவித்தார். சேறு அழுகுவதை அவள் எடுத்துச் சொன்னதற்கு, அழுகல் வேறு பிரிவு, தாம் மகிழ்ச்சிப் பிரிவு என்றார்.

செண்பகத்துக்கும் சபலம் தட்டியது. மோட்டாரைத் தொடவில்லை. திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் போய் அவசரமாக ஒரு புடவை எடுத்து வந்தாள். அதற்குள் ஊரே செல்போனோடு கரையில் நின்றது. மீனோடு படம் எடுத்தவர்கள் சும்மா போக மனமில்லாமல் பொரியும் பன்னும் அவித்த மல்லாட்டைக் கடலையும் அள்ளிப் போட்டார்கள். மீன்கள் சீண்டவில்லை. எல்லாம் ஊறி அடிக்குப் போய்ச் சேற்றோடு சேர்ந்தது.

பொழுது சாயும்போது பெரிய கட்லா ஒன்று ஒருக்களித்து மிதந்தது. அதைப் பார்த்ததும் செண்பகம் மோட்டார் கொட்டகைக்கு ஓடினாள். விருதும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் என்று மோட்டாரைப் போட்டாள். விடிவதற்குள் மீன்கள் தெளிந்து உள்ளே போய்விட்டன.

தேர்வுக்குழு வந்தது. ஒரு தலையும் தெரியவில்லை.

"என்னம்மா, நேத்து அவ்ளோ நல்லா இருந்துச்சே," என்றார் நெடுஞ்செழியன் வருத்தத்தோடு.

"உயிரோடதான் இருக்குதுங்க சார். கீழ இருக்குது."

மக்களைச் சந்திக்க மறுக்கும் மீன்களுக்கு விருது கிடையாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்து, பக்கத்துத் துரைக்கண்ணுவின் குட்டைக்கு நடந்தது. அவரும் விருது ஆசையில், மீனை மேலே வரவழைக்க மூட்டை மூட்டையாகத் தீவனம் கொட்டியிருந்தார். அங்கே மீன்கள் தலையை மட்டுமா காட்டின? முழு உடம்போடும் மேலே வந்து, வெள்ளை வயிறு தெரிய, ஆடாமல் அசையாமல் கிடந்தன. இத்தனை ஒழுங்கான வரவேற்பை மாவட்டத்தில் எங்கும் கண்டதில்லை என்றார் குழுத் தலைவர். தேம்பிக்கொண்டிருந்த துரைக்கண்ணுவை ஆனந்தக் கண்ணீர் என்று தட்டிக்கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். ஊர் கைதட்டியது.

செண்பகமும் தட்டினாள். தட்டிக்கொண்டே, தன் மீன்களுக்குத்தான் கொஞ்சம்கூடச் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.