ஜெபப் பட்டியலில் என் வயிறு

அயோவா
ஜூன் 24

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி ஹார்லன் வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மைலோ அத்தானும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதலாமா கூடாதா என்பதை இப்போதெல்லாம் காப்பீட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாலு தெரு தள்ளி இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால், வைத்த கையோடு சபையில் பதினெட்டுப் பேருக்குச் சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் எங்கள் தொழிற்சாலையை மூடியதும் வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை ஆகஸ்டில்தான் ஆரம்பம், அதற்கான காப்பீடு செப்டம்பர் ஒன்றாம் தேதிதான் ஆரம்பம். நடுவில் அந்தரத்தில் தொங்க வேண்டாமே என்று, வேலையில்லாத இடைவெளிக்கென்றே விற்கிற மூன்று மாதக் காப்பீடு ஒன்றை ஜூன் ஒன்று முதல் எடுத்தேன். எல்லாம் போனிலேயே முடிந்தது. விற்றவன் பேச்சில் தேன் ஒழுகியது. "ஏற்கெனவே இருக்கிற நோவுக்கு மட்டும் கிடைக்காதுங்க. மத்தபடி நீங்க நிம்மதியா தூங்கலாம். வலி கிலி ஏதாச்சும் உண்டுங்களா?" என்றான். "ஒண்ணும் கிடையாதுப்பா, காளை மாதிரி இருக்கேன்" என்றேன். பத்தே நாள். ஜூன் பதினொன்றாம் தேதி காளை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தது. பித்தப்பையில் கல்லாம், பையையே எடுத்துவிட வேண்டுமாம், ஜூலை இரண்டு வியாழக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அக்கா. நேற்றுக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கிரிசெல்டா என்று ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், மே பதினேழாம் தேதி உங்களுக்கு வயித்துவலிங்களா?"

"யாரும்மா சொன்னது?"

"உங்க சபையே சொல்லுதுங்க."

நீ தட்டச்சு செய்கிற ஞாயிற்றுக்கிழமை இதழை யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறான். அதிலிருக்கிற ஜெபப் பட்டியலை அந்தப் பெண் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: 'ஹார்லன் வோஸ்பர்க்குக்காக ஜெபியுங்கள். கடும் வயிற்றுவலி. வலது பக்கம். சாப்பிட்ட பிறகு அதிகம்.' ஏன் அக்கா, எந்தப் பக்கம் என்று நீ சொல்லித்தான் கர்த்தருக்குத் தெரிய வேண்டுமா? அதோடு விடாமல் அடுத்த வார இதழையும் எடுத்துவிட்டாள். "சுகம் கிடைச்சதுக்கு நன்றின்னு போட்டிருக்கு. அப்போ வைத்தியம் நடந்திருக்கு, இல்லீங்களா?" என்றாள். ஜெபம்தானம்மா பண்ணினார்கள் என்றேன். யார் பண்ணினது என்றாள். பாஸ்டர் ட்வெட்டன் என்று உள்ளதைச் சொன்னேன். "அவரு கிளினிக் எங்க இருக்குங்க?" என்று கேட்டாள். அவள் பேனாவைத் தேடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

எனவே உன்னிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். மே பதினேழில் எனக்கு வலியே கிடையாது. அன்றைக்குப் பாடகர் குழுவில் என்னைத் தனியாகப் பாட நிறுத்தியிருந்தாய். அந்தப் பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் என் குரல் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். அதனால் என் வீட்டுக்காரி ஜோலீனை விட்டு உனக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு, நான் பாட்டுக்கு ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டேன். சின்ன விஷயம். நீ அச்சடித்தாய், அதோடு போனதா? பட்டியலைப் பார்த்த ஏழு வீட்டுக்காரர்கள் வயிற்றுவலிக்காரனுக்கு என்று ஏழு தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். ஏழிலும் சீஸ், வெண்ணெய், கோழி, மறுபடி சீஸ். அவர்களில் ஒருவரான ஈனிட் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "தெம்பு வேணும்டா ஹார்லன், இன்னொரு கரண்டி போட்டுக்கோ" என்று சொல்லிச் சொல்லியே பாதித் தட்டை எனக்குள் தள்ளிவிட்டார். ஆக, வலி வந்து ஜெபம் பண்ணவில்லை, ஜெபம் பண்ணித்தான் வலி வந்தது. கிரிசெல்டாவிடம் இதை விளக்கினேன். "நீங்க சொல்றது புரியுதுங்க சார். அதே இதழ்ல மறுப்பு வந்தா அனுப்புங்க, பாக்கறோம்" என்றாள்.

ஆகவே வருகிற ஞாயிறு இதழில் கீழ்க்கண்டதை அப்படியே போட்டுவிடு: 'மே பதினேழில் ஹார்லன் வோஸ்பர்க் வயிற்றுவலி என்று சொன்னது பொய். அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார். அவருக்காகச் செய்த ஜெபங்களைச் சபையார் வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளலாம்.' ஊர் சிரிக்கட்டும். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் இது ஏற்கெனவே இருந்த நோவு என்று பணம் தரமாட்டார்கள், வியாழக்கிழமை அறுவை சிகிச்சையும் இல்லை. கைக்காசில் அதைச் செய்ய என்னால் முடியாது.

அத்தானின் முழங்காலுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும். அதை எங்கேயும் அச்சடிக்காதே.

உன் பாசமுள்ள தம்பி,
ஹார்லன்

பி.கு.: தபாலில் போடச் சொல்லி ஜோலீனிடம் கொடுத்தேன். உறையை ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டாள். "மீன் பிடிக்கப் போனியா? அன்னிக்கு நீ பாத்ரூம் தரையில சுருண்டு கிடந்தே. பயந்து போயி உங்கக்காவுக்கு போன் பண்ணது நானு. இப்ப அவங்களை சபைப் பேப்பர்ல பொய் அச்சடிக்கச் சொல்றே, வெக்கமா இல்ல?" என்றாள். வெட்கமாகத்தான் இருக்கிறது. வேலை போன மறு வாரத்திலிருந்தே வலிக்கிறது, அக்கா. டாக்டரிடம் போனால் எழுதி வைத்துவிடுவார்கள், அப்புறம் இந்த இடைக்காலக் காப்பீட்டை எவனும் தரமாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த மறுப்பைப் போடாதே. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வியாழக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடி வா என்றார் டாக்டர். காய்ச்சல் வராமல் இருந்தால், பழைய நோவுக்கும் பணம் தருகிற பஸ் வேலைக் காப்பீடு ஆரம்பிக்கும் செப்டம்பர் ஒன்று வரை வெறும் உருளைக்கிழங்கை அவித்துத் தின்று ஓட்டிவிடலாம். பயமாக இருக்கிறது. என் பெயரை மறுபடி பட்டியலில் போடு. என்ன நோவு என்று மட்டும் எழுதாதே.