சைரனுக்குக் கிடைத்த பாடு

அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இருக்கும் தைரியம் முழுதாகத் தெரிந்தவர்களுக்கு ஒருநாளும் வராது. எண்பதுகளின் நடுவில் பழவேற்காட்டு ஐஸ் ஃபேக்டரிக்குள் நான் நுழைந்தபோது அந்தத் தைரியம் என்னிடம் வேண்டிய மட்டும் இருந்தது.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து படித்து, மெட்ராஸில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான். (முதல் ஆணும் நான்தான். வேறு யாரும் போகவில்லை.) எங்கள் கம்பெனி அந்த ஃபேக்டரிக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி செய்து கொடுத்தது. பெட்டிக்குள் இரண்டு கார்டுகள். ஒன்று, குளிரை அளந்து கம்ப்ரஸரை ஓட்டும். மற்றது, அமோனியா கசிந்தால் சைரன் ஊதும். ஒவ்வொரு கார்டின் சிப்பிலும் அதற்கான சின்னப் புரோகிராம் அழியாமல் பதிந்திருக்கும். இந்த இரண்டையும் வேலை வாங்குவது கர்னல் என்ற பெரிய புரோகிராம். ஆனால் அதற்குக் கண் கிடையாது. எந்தக் கார்டு எந்தச் சேனலில் பேசும், எதில் கேட்கும் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் சேனலில் இருப்பவரைத்தான் கர்னல் முதலில் கவனிக்கும். இரண்டாவது ஆள் காத்திருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்குள் இருந்த குப்பத்துக்காரி முழித்துக்கொண்டாள். எங்கள் ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்கள் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பெண்களுக்குப் பாடு கிடையாது என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கடுப்பு. ஆகவே என் கார்டுகளுக்காவது நியாயம் செய்தேன். இன்று கம்ப்ரஸர் கார்டுக்கு முதல் சேனல், நாளை சைரன் கார்டுக்கு. தினமும் காலை ஆறு மணிக்கு முறை மாறும் என்று எழுதி வைத்தேன். இப்படியொரு நீதி எந்த எஞ்சினியருக்கும் இதுவரை தோன்றவில்லையே என்று பெருமை வேறு. (தோன்றாததற்குக் காரணம் இருந்தது.)

முதல் நாள் எல்லாம் கச்சிதமாக ஓடியது. இனி மனுஷன் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி, கம்ப்ரஸரைக் கையால் போடும் பழைய சுவிட்சையும் கழற்ற வைத்தேன்.

அன்று பார்த்து முகத்துவாரத்தில் என் நைனாவின் பாடு. (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) நல்ல வெள்ளை இறால் வலை நிறைய விழுந்திருந்தது. வழக்கமாக அதை அன்றைக்கே கரையில் விற்றுவிடுவார். நான்தான் விடவில்லை. மறுநாள் மத்தியானம் மெட்ராஸ் வேன் வரும், நல்ல விலை கொடுப்பார்கள், அதுவரை ஐஸ் ரூமில் இருக்கட்டும் என்றேன். அந்தப் பணத்தில்தான் அவர் கிழிந்த வலைக்குப் பதில் புது வலை வாங்க இருந்தார். அடுத்த பாடு வருவதற்குப் பல நாள் ஆகும். ஆனாலும் மகள் சொன்னாள் என்று கூடை கூடையாகக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு சைரன் அலறியது.

அமோனியா என்றால் எங்கள் ஊரில் விளையாட்டில்லை. ஃபேக்டரி ஆட்கள் ஐஸ் ரூம் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தார்கள். தெருவே துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று வரும் பக்கமாகப் போய் நின்றது. நான் மட்டும் கல்யாணப் பெண்ணின் அம்மா மாதிரி பூரித்து நின்றேன். கசிவை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டது பாருங்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கினேன். உள்ளே போகப் பார்த்த இரண்டு பேரைத் தடுத்தும் விட்டேன்.

வெயில் ஏறியது. காற்று திரும்பி, ஃபேக்டரிப் பக்கமிருந்து எங்கள் மேல் அடிக்க ஆரம்பித்தது. நைனா மெதுவாகத் துண்டை எடுத்தார்.

"காத்து நம்ம பக்கந்தான் அடிக்கிது. கொஞ்சங்கூட நாத்தம் வரலியேம்மா?"

"மூக்க நம்பாதீங்க நைனா, மெஷின நம்புங்க" என்றேன், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி.

அவர் துண்டை மறுபடி கட்டிக்கொண்டார்.

கடைசியில், ஊதி ஊதித் தொண்டை கட்டி, சைரன் தானாகவே அடங்கியது. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது, கம்ப்ரஸர் சத்தமும் கேட்கவில்லை. இன்று முதல் சேனலில் சைரனின் பாடு!

கார்டுகள் எங்கேயும் இடம் மாறவில்லை. அவற்றின் சிப்பில் இருந்த புரோகிராமுக்கு என் நியாயமெல்லாம் தெரியாது. அவை பழைய சேனலிலேயே காதை வைத்துக்கொண்டிருக்க, மாறிவிட்டதாக நான் எழுதிக் கொடுத்ததைக் கர்னல் அப்படியே நம்பிவிட்டது. அறை சூடாகிறது, ஓடு என்று அது கம்ப்ரஸருக்குப் போட்ட உத்தரவெல்லாம் சைரனுக்குப் போயிருக்கிறது. சைரன் உடனே கீழ்ப்படிந்திருக்கிறது. கர்னலிடம் எது எங்கே இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். எது எங்கே இருந்தால் நியாயம் என்று சொல்லக் கூடாது.

ஐஸ் ரூமுக்குள் ஓடினேன். நைனா தேடிய நாற்றம் அங்கே இருந்தது. மத்தியானம் வந்த வேன்காரர் வாசலோடு மூக்கைச் சுளித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நைனா கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். அம்மா கெட்டதைக் கழித்து, மிஞ்சியதை அவித்துக் காயவைத்தாள். அந்த வருஷம் முழுக்க நைனா பழைய வலையையே தைத்துத் தைத்துக் கட்டினார். புது வலையை என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அவர் பழி வாங்கியது என் கல்யாண விருந்தில். சம்பந்தி வீட்டார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, இலையில் இறால் தொக்கு விழுந்தது. நைனா ஒரு இறாலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மூக்கு வாணாம். மெஷின் இன்னா சொல்லுதுன்னு கேட்டு சொல்லும்மா."

எங்கள் குப்பமே சிரித்தது. மாப்பிள்ளைக்கு முழுக் கதையையும் அங்கேயே சொல்ல வேண்டியதாயிற்று. அன்று சிரிக்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. பால் தீய்ந்தாலும் குழம்பு அடிப்பிடித்தாலும் அடுப்பை அணைக்க மாட்டார். நேராக என்னிடம் வந்து நின்று, "மெஷின் இன்னா சொல்லுது?" என்பார்.

நான் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.